இரண்டாவது இருட்டு

நரின் பள்ளத்தாக்கின் பால் நிலையத்தில்
மின்சாரம் போனது ஒருமுறை அல்ல.
போய், வந்து,
நாற்பது நொடி நின்று,
மறுபடி போனது.

ஜில்டிஸ் எழுதியிருந்தாள்:
விடிந்து பார்த்தால் பத்தொன்பது வீட்டுக் கணக்கைக் காணோம்.
பால் தொட்டியில் இருக்கிறது.
கறந்தவர்கள் வெளியே பனியில் நிற்கிறார்கள்.
யாருக்கு எவ்வளவு என்று நான் சொல்வது?

நாங்கள் இருப்பது பிர்னோவில்.
மாட்டைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
மேசைமேல் ஒரு வட்டு,
அதன் மின்கம்பியில் ஒரு ரிலே.
எழுதிக்கொண்டிருக்கும் கையைத் தட்டிவிடுவது அதன் உத்தியோகம்.
டொக். இருட்டு.
டொக். வெளிச்சம்.
ராத்திரிக்கு ஆயிரத்து நானூறு தடவை.
ராடோவான் அதை மரங்கொத்தி என்பான்.

மூன்று ராத்திரி கொத்தியது.
ஒரு எழுத்து சிதறவில்லை.
சிதறாதுதான்:
முதலில் குறிப்பேட்டில் எழுது,
பிறகுதான் அதனதன் இடத்தில் எழுது;
நடுவில் விளக்குப் போனால்
எழுந்ததும் ஏட்டைப் புரட்டி விட்டதை முடி;
முற்றுப்புள்ளி விழாத வாக்கியத்தை
நடக்கவே இல்லை என்று தள்ளு.
இவ்வளவுதான் சட்டம்.
இதில் எங்கே ஓட்டை?

அவள் வட்டில்தான் கோளாறு என்று
பதில்கூட எழுதி வைத்துவிட்டேன்.
அனுப்பவில்லை.
நான்காம் எண் டிராமுக்குக் காத்திருந்தபோது
கடிதத்தை இன்னொரு முறை படித்தேன்.
நாற்பது நொடி.

நின்றவனைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறோம்.
விழுந்து
கையூன்றி எழுகிறவனை
ஒரு தடவையாவது தள்ளிப் பார்த்தோமா?

டிராமை விட்டுவிட்டு மாடியேறினேன்.
மரங்கொத்திக்குப் புது நேரம் சொன்னோம்:
எழுதும்போது வேண்டாம்,
மீளும்போது கொத்து.
அறுபத்தொன்றாவது கொத்தில்
ஒரு அடைவு முழுதாகக் காணாமல் போனது.
ராடோவான் கைதட்டினான்.
இந்த வேலையில் நாங்கள்
இழவு விழுந்தால்தான் கைதட்டுவோம்.

அப்புறம் நிரலைப் படித்தோம், விரல் வைத்து.
ஏட்டில் இருந்ததையெல்லாம் வட்டுக்கு அனுப்புகிறது.
உடனே ஏட்டைத் துடைக்கிறது.
வட்டோ வாங்கியதை இன்னும் மடியில் வைத்திருக்கிறது;
எதை முதலில் இறக்கிவைப்பது என்பது அதன் இஷ்டம்.
துடைத்த செய்தி முந்திக்கொண்டு இறங்கி,
அந்த இடைவெளியில் விளக்கும் போனால்
ஏடும் காலி, இடமும் பழசு.
அனுப்பியாயிற்று என்பதும்
சேர்ந்தாயிற்று என்பதும் ஒன்றென்று
யாரோ நம்பியிருக்கிறார்கள்.

யார் என்று வரலாற்றில் தேடினேன்.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதம்,
வெள்ளிக்கிழமை, மாலை நாலு ஐம்பது.
என் பெயர்.
கீழே என் குறிப்பு:
"மீட்பு வேகமாகிறது. நானூறு மில்லிநொடி மிச்சம்."

அந்த நானூறு மில்லிநொடியை
இத்தனை வருடம் எங்கே செலவழித்தேன் தெரியவில்லை.

திருத்தம் ஒரே வரி.
துடைக்குமுன்,
மடியில் உள்ளதை இறக்கச் சொல்;
இறக்கினேன் என்று அது சொல்லும்வரை நில்.
அந்த ஒரு வரிக்கு விளக்கம் எழுத
இரண்டு மணி நேரம் ஆனது.
"அரிதான சூழலில்" என்று தொடங்கி
அரிதான என்பதை அடித்தேன்.
அவள் ஊரில் மார்ச் வரை தினமும் அதே சூழல்தானாம்.

பதினொரு ராத்திரி கொத்தியும்
இப்போது ஒன்றும் உதிரவில்லை.
பன்னிரண்டாவது ராத்திரியும் ஓடுகிறது,
நம்பாமல்.

ஜில்டிஸிடமிருந்து பதில் வந்திருக்கிறது.
புது நிரலை ஏற்றிவிட்டாளாம். நன்றியாம்.
அன்றைய கணக்கை
ஒவ்வொருவரையும் கேட்டே எழுதினாளாம்.
அவரவர் சொன்னதைக் கூட்டினால்
தொட்டியில் இருந்ததைவிட ஏழு லிட்டர் குறைகிறதாம்.
கூட்டிச் சொல்வார்கள் என்று பயந்திருந்தாளாம்.

அந்த ஏழு லிட்டரை
யார் பெயரில் எழுதட்டும்?
என்னைத்தான் கேட்கிறாள்.

டொக்.